மாலை ஆறேகால் மணி: அப்பாவுக்குப் பேப்பர் படிக்க ஒரு மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது?

என் அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வயது 79. அவருக்கு க்ளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிற நோய் அது. ஓரங்களிலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வந்து, இப்போது நடுவில் ஒரு சின்ன வட்டத்தை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது. போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. பேப்பரில் தலைப்புகளை மட்டும் பூதக்கண்ணாடி வைத்து எழுத்துக் கூட்டிப் பார்த்துவிடுவார். உள்ளே இருப்பதை யாராவது படித்துச் சொல்ல வேண்டும்.

நான் கிண்டியில் ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வீடு கூடுவாஞ்சேரி. வேலை முடிந்து வீடு வந்து சேர இரவு எட்டு மணி. அப்பா ஏழரைக்குச் சாப்பிட்டு, எட்டேகாலுக்குச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். நான் வரும்போது பேப்பர் நான்காக மடித்தபடி அவர் நாற்காலி ஓரத்தில் இருக்கும். "நாளைக்குப் பாத்துக்கலாம்மா" என்பார். ஒரு மாதம் அந்த மடிப்பு பிரியாமலே பழைய பேப்பர் அடுக்குக்குப் போனது. அதற்கு மேல் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஒரு நாளில் ஒரு மணி நேரத்தை மீட்க என்னென்ன வழி உண்டு என்று கடந்த சில மாதங்களாக ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சிலவற்றைச் செய்து பார்த்தேன், சிலவற்றைக் கணக்குப் போட்டதோடு விட்டேன். பெற்றவர்களுக்கோ பிள்ளைகளுக்கோ, இல்லை தனக்கே தனக்கென்று விட்டுப்போன ஒன்றுக்கோ நேரம் தேடிக்கொண்டிருக்கிற வேறு யாருக்காவது இது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு வாரம் எல்லாவற்றையும் நோட்டில் குறித்து வைத்தேன். காலை 5.30க்கு எழுந்தால் எட்டு மணி வரை சமையலும் வீடும். எட்டிலிருந்து 9.25 வரை பயணம். 9.25லிருந்து ஆறு வரை அலுவலகம். ஆறிலிருந்து எட்டு வரை திரும்பும் பயணம், நடுவில் காய்கறி. எட்டிலிருந்து பத்தரை வரை மறுபடி சமையலறை, பையனின் பாடம், துணி. மிச்சம் ஏழு மணி நேரம் தூக்கம். கூட்டிப் பார்த்தால் சரியாக 24. ஓட்டையே இல்லை.

இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடப்பட்டது 1923இல், இதே சென்னையில், சிங்காரவேலர் முன்னின்று நடத்தியது. எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு, எட்டு மணி நேரம் நமக்கே என்பதுதான் அந்த நாளுக்குப் பின்னால் இருந்த கோரிக்கை. என் நோட்டை வைத்துக்கொண்டு அந்த மூன்றாவது எட்டைத் தேடினேன். மூன்று மணி 25 நிமிடம் ரயிலிலும் சாலையிலும் போகிறது, ஐந்து மணி நேரம் வீட்டு வேலையில் போகிறது. அந்த எட்டு முழுசாக அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

எல்லோரும் முதலில் சொல்வது, விடியற்காலையில் எழுந்திரு என்பது. நானும் அதில்தான் ஆரம்பித்தேன். 4.30க்கு எழுந்து, இரவுக்கான குழம்பையும் காலையிலேயே வைத்துவிட்டால் மாலையில் ஒரு மணி நேரம் மிச்சமாகும் என்பது என் எண்ணம். மிச்சமாகத்தான் செய்தது. ஆனால் எந்த நேரத்தில்? இரவு எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை. அப்பா அப்போது தூங்கிவிட்டார். சரி, காலையில் படித்துக் காட்டலாம் என்றால், 4.30க்கு அவரும் தூக்கத்தில் இருக்கிறார், பேப்பரும் வந்திருக்காது.

ஒரு நாளின் எல்லா மணி நேரமும் ஒரே மாதிரி என்று நினைத்துக்கொண்டு நான் கணக்குப் போட்டிருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது மாலை ஆறு மணியிலிருந்து ஏழரைக்குள் இருக்கிற ஒரு மணி நேரம். அப்பா மதியத் தூக்கம் முடிந்து, காபி குடித்து, தெளிவாக இருக்கிற நேரம் அது. வேறு எந்த இடத்தில் ஒரு மணி நேரம் கிடைத்தாலும் அது அவர் கைக்குப் போய்ச் சேராது.

தூக்கத்தில் கை வைத்ததன் விலையும் சீக்கிரமே தெரிந்தது. பத்தரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் ஆறு மணி நேரம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது சும்மா இல்லை. மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, சப்ளையர் ஒருவரின் பில்லில் 61,400 என்று இருந்ததை 64,100 என்று ஏற்றிவிட்டேன். 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி விற்பனை விவரம் போட வேண்டிய அவசரத்தில் அதைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. அன்று வீட்டுக்கு வர ஒன்பதரை. காலையில் சேர்த்த மணி நேரத்தை வட்டியோடு திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

ஆனாலும் விடியற்காலையை நான் குறை சொல்ல மாட்டேன். தனியாக உட்கார்ந்து செய்கிற காரியம் என்றால் அதற்கு ஈடு கிடையாது. எங்கள் அலுவலகத்தில் ஒரு தம்பி டிஎன்பிஎஸ்சி குரூப் 4க்குப் படிக்கிறான். 200 கேள்வி, 300 மதிப்பெண், அதில் பாதி தமிழுக்கு. தமிழில் நாற்பது சதவீதம் எடுக்காவிட்டால் மற்றதைத் திருத்தவே மாட்டார்கள். தினமும் காலை நாலரையிலிருந்து ஆறரை வரை படிக்கிறான். அவனுக்கு அந்த நேரத்தில் யாரும் தேவையில்லை, யாரும் கூப்பிடவும் மாட்டார்கள். அவன் இரவு ஒன்பதுக்கே படுத்துவிடுகிறான் என்பதையும் சொல்ல வேண்டும். முன்னால் படுக்க முடியாதவர்கள் முன்னால் எழுவது தூக்கத்தில் கடன் வாங்குவதுதான்.

அடுத்தது ரயில். தினமும் இரண்டு தடவை முக்கால் மணி நேரத்துக்கு மேல் பெட்டியில் நிற்கிறேன், அதை ஏன் வீணாக்க வேண்டும் என்று தோன்றியது. இந்தப் பாதையில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931இல். இன்றைக்கும் தாம்பரம் வரைதான் வண்டிகள் நெருக்கமாக ஓடுகின்றன. தாம்பரத்தைத் தாண்டிப் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று போகிறவர்கள் செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். தாம்பரம் வண்டியில் ஏறினால் பாதி வழியில் இறங்கி மறுபடி நிற்க வேண்டும். ஆகவே செங்கல்பட்டு வண்டி எப்போதும் பிதுங்கும். கிண்டியில் ஏறினால் மகளிர் பெட்டியில்கூட ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் பையை அணைத்துக்கொண்டுதான் நிற்க முடியும்.

காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு போய், மதிய இடைவேளையில் தலையங்கத்தைப் படித்துக் குரல் பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்த்தேன். பையன் பள்ளிவிட்டு வந்ததும் அப்பாவுக்குப் போட்டுக் காட்டுவான். நான்கு நாள் கேட்டார். ஐந்தாவது நாள், "நல்லாத்தான் படிக்கிறம்மா, ஆனா நடுவுல நான் ஒண்ணு கேக்கணும்னா யாரைக் கேக்குறது?" என்றார். அதற்கு அப்புறம் நான் அனுப்பவில்லை. செய்தி மட்டும் போதும் என்றால் அவருக்கு ரேடியோ இருக்கிறது. நான் ஒரு வரி படித்ததும், "இரு, அந்தச் சொல்லு தப்பு, 'மேன்மேலும்'னு இருக்கணும், போட்டிருக்காங்களா?" என்று நிறுத்துவார் பாருங்கள், அது பதிவில் நடக்காது.

பையனே படிக்கட்டுமே என்று கேட்பார்கள். எட்டாம் வகுப்பு, மாலை ஐந்தரைக்கு டியூஷன். சனிக்கிழமைகளில் விளையாட்டுப் பக்கத்தை அவன்தான் படிக்கிறான், தாத்தாவுக்கு அதில் சந்தோஷம்தான். தினமும் அவன் தலையில் வைப்பது நியாயமில்லை என்று எனக்குப் பட்டது.

பேருந்தையும் ஒரு வாரம் பார்த்தேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாதக் கடைசியில் இது எத்தனை குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். ஆனால் என் தேவைக்கு அது எதிர்த்திசையில் போகிறது. ஜிஎஸ்டி சாலை என்கிற திருச்சி நெடுஞ்சாலையில் மாலை நெரிசலில், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் தாண்டி வர ரயிலைவிட வெகு நேரம் ஆகிறது. வண்டலூரை நெருங்கினால் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்குப் போகிற வண்டிகளும் சேர்ந்துகொள்கின்றன. காசு மிச்சம், நேரம் செலவு.

வீட்டையே மாற்றிவிடலாம் என்று என் கணவர்தான் முதலில் சொன்னார். கூடுவாஞ்சேரி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஆதம்பாக்கம் பக்கம் போனால், நான் ஆறு மணிக்குக் கிளம்பி ஆறரைக்கு வீட்டில் இருப்பேன். காகிதத்தில் இதைவிட நல்ல வழி கிடையாது. வாடகை வித்தியாசம் மாதம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் வந்தது. அதைக்கூடச் சமாளித்திருப்போம். அவருக்கு வேலை மறைமலைநகரில் இருப்பதால் அவருடைய பயணம் கூடும். அதற்கும் அவர் தயார்.

அன்று ராத்திரி பன்னிரண்டு மணி இருக்கும், அப்பா பாத்ரூம் போக எழுந்தார். விளக்கு போடவில்லை. கட்டிலை விட்டு இறங்கி, அலமாரியின் கைப்பிடியைத் தொட்டார். அங்கிருந்து இரண்டு எட்டு. சுவரில் காலண்டர் ஆணி இருக்கிற இடத்தில் உள்ளங்கை ஒரு நொடி நின்றது. அப்புறம் வலது பக்கம் திரும்பி, சாப்பாட்டு மேசையின் முனையைத் தடவி, நான்கு எட்டு. கதவு. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. பார்வை குறையக் குறைய இந்த வீட்டை அவர் கையால் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறார். புது வீட்டுக்குப் போனால் அவருக்கு முதல் நாளிலிருந்தே இருட்டு. அவருக்காக நேரம் எடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அவருடைய வீட்டைப் பிடுங்க முடியாது. காலையில் கணவரிடம் நான் பார்த்ததைச் சொன்னேன். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

சின்னப் பிள்ளைகள் இருக்கிறவர்கள், பெரியவர்கள் நல்ல பார்வையோடு நடமாட்டமாக இருக்கிறவர்கள், வாடகை வீட்டில்தான் இருக்கிறவர்கள், இவர்களுக்கு நான் வீடு மாற்றுவதையே முதலில் யோசிக்கச் சொல்வேன். ஒரு தடவை கஷ்டப்பட்டால் தினமும் ஒன்றரை மணி நேரம் திரும்பக் கிடைக்கிறது. வேறு எந்த வழியும் அவ்வளவு தராது.

காசு கொடுத்து உதவி வாங்குவது இன்னொரு வழி. எங்கள் தெருவில் இரண்டு வேளை சமைத்துக் கொடுக்க ஒரு அக்கா மாதம் ஐந்தாயிரம் கேட்டார். நியாயமான தொகைதான். இட்லி மாவு கடையில் வாங்குவது, நறுக்கிய காய் வாங்குவது, துணியை இஸ்திரிக்குக் கொடுப்பது, இவையும் இதே வகைதான். அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு, கிரைண்டரில் ஆட்டி, கழுவி வைக்க வாரம் இரண்டு தடவை ஒவ்வொரு மணி நேரம் எனக்குப் போய்க்கொண்டிருந்தது. கடை மாவுக்கு மாறினால் அது மிச்சம். ஆனால் இதிலும் அதே சிக்கல்தான். நான் வீட்டுக்குள் நுழைந்த பிறகு இருக்கிற வேலையைத்தான் காசு குறைக்கும். எட்டு மணிக்கு நுழைகிறவளை ஆறு மணிக்கு நுழைய வைக்காது. பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க எட்டிலிருந்து ஒன்பது வரை வேண்டும் என்றால், அந்த ஐந்தாயிரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக உட்கார்ந்து படித்தால் என்ன? இரண்டு ஞாயிறு முயன்றேன். நாற்பது நிமிடத்துக்கு மேல் அப்பாவால் கேட்க முடியவில்லை; தலை சாய்ந்துவிடுகிறது. திங்கட்கிழமைச் செய்தியை ஞாயிறு படித்தால் அவருக்கும் சுவாரஸ்யம் இல்லை. நாளுக்கு நாள் கொஞ்சம் வேண்டிய ஒன்றை வாரத்துக்கு ஒருமுறை அள்ளிக் கொடுக்க முடியாது. தோட்டம் போடுவது, ஊருக்குப் போய்வருவது, தையல் மிஷினில் உட்காருவது போன்றவற்றுக்கு ஞாயிறுதான் சரி. அவற்றில் ஒருமுறை உட்கார்ந்தால் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல வேண்டும்.

நாலு நாள் நீளமாக வேலை பார்த்துவிட்டு மூன்று நாள் வீட்டில் இருக்கலாம் என்ற யோசனையையும் இதோடு சேர்க்கலாம். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது இதைத்தான் ஒரு நன்மையாகச் சொன்னார்கள். தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். திரும்பப் பெற்றது நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன். 12 மணி நேர வேலையோடு என் மூன்றரை மணி நேரப் பயணத்தைச் சேர்த்தால் அந்த நாலு நாளும் வீட்டில் எனக்குத் தூங்க மட்டும்தான் இடம்.

வேலையை விடுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. என் சம்பளத்தில் வீட்டுக்கடன் தவணை போகிறது, அப்பாவின் மருந்து போகிறது. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

கடைசியில் மிஞ்சியது ஒன்றுதான். வேலை நேரத்தை நகர்த்துவது. ஒன்பதரை முதல் ஆறு என்பதை எட்டு முதல் நாலரை என்று மாற்றிக்கொண்டால், வேலை ஒரு நிமிடம்கூடக் குறையாது, சம்பளமும் குறையாது. ஆறு மணிக்கு வீட்டில் இருப்பேன். இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்றால், இரண்டு பேரிடம் கேட்க வேண்டியிருந்தது. மற்ற வழிகளில் பெரும்பாலானவை நானே என்னைப் பிழிந்துகொண்டு செய்துவிடக் கூடியவை. யாரிடமும் வாய் திறக்க வேண்டாம். அதனால்தான் பெண்கள் முதலில் தூக்கத்தில் கை வைக்கிறோம் என்று இப்போது நினைக்கிறேன்.

முதலில் மேலாளர். வெறும் கையோடு போய், "வீட்ல கஷ்டம் சார்" என்று நிற்க எனக்கு விருப்பமில்லை. ஒரு தாளில் மாதத்தின் தேதிகளை எழுதிக்கொண்டு போனேன். 7ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும். 11, ஜிஎஸ்டி விற்பனை விவரம். 15, பிஎஃப், இஎஸ்ஐ. 20, ஜிஎஸ்டி மாதக் கணக்கு. இந்த நாலு நாளும் முந்தின மாதிரியே ஆறு மணி வரை, வேண்டுமானால் அதற்கு மேலும் இருப்பேன் என்று எழுதியிருந்தேன். மற்ற நாட்களில் எட்டிலிருந்து ஒன்பதரை வரை போன் வராத நேரத்தில் வங்கிக் கணக்கு ஒத்துப்பார்க்கிற வேலையை முடித்துவிடுவேன். நாலரைக்கு மேல் வருகிற போன்களைப் பக்கத்து இருக்கைத் தங்கை பார்த்துக்கொள்வாள். அவள் காலையில் தாமதமாக வருகிற நாட்களில் அவளுடையதை நான் பார்ப்பேன். அவர் தாளை இரண்டு தடவை படித்தார். "ஒரு மாசம் பாப்போம்மா. ஆடிட்டர் வர்ற வாரம் இது கிடையாது" என்றார். அது போதும்.

இப்படிக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் வேலையில் எந்தெந்த நாட்களில் நீங்கள் இல்லாவிட்டால் ஓடாது என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அதைச் சொன்ன பிறகு மற்ற நாட்களைப் பற்றிப் பேசுவது சுலபம். கடை, ஷிஃப்ட், மருத்துவமனை வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த வசதி இருக்காது என்பது தெரியும். அவர்கள் சக ஊழியரோடு ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது ஆள் என் கணவர். இதுதான் கடினமான பேச்சு. நான் 6.25க்கு வீட்டை விட்டுக் கிளம்பினால், அப்பாவின் காபி, காலைச் சொட்டு மருந்து, பையனை எழுப்புவது, டிபன், மூன்று பேருக்கும் டப்பா கட்டுவது, எல்லாம் யார் பார்ப்பது?

தேசிய அளவில் மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று மத்திய அரசின் புள்ளியியல் துறை ஆய்வு நடத்துகிறது. 2024 ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதில் ஈடுபடுகிற ஆண்கள் 88 நிமிடம். 2019 ஆய்வில் இது 299க்கு 97. ஐந்து வருடத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது, ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்தது. என் நோட்டில் இருந்த 300 நிமிடத்தைப் பார்த்துவிட்டு இந்த 289ஐப் பார்த்தபோது, என் கஷ்டம் எனக்கு மட்டும் உரியது இல்லை என்று தெரிந்தது.

இந்த எண்களை வைத்துக்கொண்டு சண்டை போடவில்லை. நோட்டை மட்டும் அவர் முன்னால் வைத்தேன். அவர் நல்ல மனிதர். எட்டரைக்குத்தான் வேலைக்குக் கிளம்புவார், ஆறரைக்கே எழுந்தும் விடுவார். அந்த இரண்டு மணி நேரமும் அவருக்குக் கையில் இருந்தது. அது அவருக்குத் தெரியாமலே இருந்தது, நானும் சொன்னதில்லை. நோட்டை வாசித்துவிட்டு, "இட்லி வேணா ஊத்துவேன், சட்னி எனக்கு வராது" என்றார். சட்னியை நான் அரைத்து வைத்துவிட்டுப் போகிறேன் என்றேன்.

இப்போது நான் ஐந்து மணிக்கு எழுகிறேன், ஆனால் ஒன்பதேமுக்காலுக்கே படுத்துவிடுகிறேன். 5 முதல் 6.25 வரை சாம்பார், பொரியல், சட்னி. மிச்சமெல்லாம் அவர். என் காலைச் சமையலறையில் ஒரு மணி ஐந்து நிமிடம் குறைந்தது. அது காற்றில் கரைந்துவிடவில்லை. அவர் கைக்குப் போயிருக்கிறது. நாலரைக்குக் கிளம்பினால் கிண்டியில் கூட்டம் குறைவு, பாதி நாட்களில் உட்கார இடம் கிடைக்கிறது. ஐந்து ஐம்பத்தைந்துக்கு வீடு. இரண்டு மணி நேரத் திரும்புபயணம் ஒரு மணி 25 நிமிடமாகியிருக்கிறது. இந்த 35 நிமிடம்தான் யாரிடமிருந்தும் வாங்காமல் சும்மா கிடைத்தது. மாவு கடையில் வாங்குகிறோம். வாரக் காய்கறி ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவை.

முதல் வாரம் பையனின் டப்பாவில் ஸ்பூன் இல்லை. அடுத்த வாரம் அப்பாவின் சொட்டு மருந்தில் இரண்டு பாட்டில் இடம் மாறிவிட்டது. நல்லவேளை, பாட்டிலைக் கையால் தடவிப் பார்த்து அப்பாவே பிடித்துவிட்டார். அன்றே ஒரு பாட்டிலில் ரப்பர் பேண்டு சுற்றிவைத்தோம். காலையில் போடுவதற்கு ரப்பர் பேண்டு, இரவுக்குப் போடுவதற்கு ஒன்றும் இல்லை. அவர் இப்போது தானே எடுத்துக் கொடுக்கிறார்.

இந்த ஏற்பாட்டில் எனக்குக் கஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். எட்டு மணிக்கு அலுவலகம் திறக்கும்போது நான் மட்டும்தான் இருப்பேன். மாலையில் எல்லோரும் டீ குடித்துப் பேசுகிற நாலரை மணியில் நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். அந்தப் பேச்சை நான் இழந்துவிட்டேன். மாதத்தில் நாலு நாள், ஆடிட் வந்தால் ஒரு வாரம், பழையபடி எட்டு மணிதான். ஆனாலும் மற்ற எல்லா வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அப்பாவின் நேரத்துக்குள் என்னைக் கொண்டுவந்து உட்கார வைத்தது இது ஒன்றுதான். தூக்கமும் போகவில்லை, அவர் கை அறிந்த சுவரும் போகவில்லை.

இன்றைக்கு மூன்று மாதம் முடிகிறது. ஆறேகாலுக்கு அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருகிறேன். தலையங்கம் முதலில். அப்புறம் கட்டுரைப் பக்கம். அப்புறம் மாவட்டச் செய்தி, அதில் அவர் வேலை பார்த்த ஊர்ப் பெயர் ஏதாவது வந்தால் பத்து நிமிடம் பேப்பர் கீழே இறங்கிவிடும். போன வாரம் ஒரு செய்தியில் 'ஏரிகரை' என்று வந்ததைப் படித்ததும் என்னை நிறுத்தி, நடுவில் 'க்' வர வேண்டும், ஏன் வர வேண்டும் என்று இலக்கணம் சொன்னார். எட்டாம் வகுப்பில் இதே வீட்டில் இதே குரலில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். பையன் டியூஷன் முடிந்து வந்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

இன்று 20ஆம் தேதி. ஜிஎஸ்டி முடித்துவிட்டு வர எட்டு ஆகும் என்று காலையிலேயே அப்பாவிடம் சொன்னேன். காபி டம்ளரைத் தேடிப் பிடித்துக்கொண்டே, "சரிம்மா, பேப்பரை எடுத்து வைக்கிறேன். நாளைக்கு ரெண்டு தலையங்கம்" என்றார்.